எல்லைக் கருத்தின் வரலாறும் மாணவர் மயக்கமும்

பல்கலைக்கழகத்தில் நுண்கணிதம் பயிலும் மாணவருள் பலர் சூத்திரங்களைப் பிழையின்றிக் கையாளுவர். ‘எல்லை என்பது யாது?’ என வினவினாலோ தடுமாறுவர். இதனை அறிவுக் குறைவென்று கொள்ளுதல் பொருந்தாது. கணித வரலாறே அதற்குச் சான்றாகும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூட்டனும் லைப்னிட்சும் தனித்தனியே நுண்கணிதத்தை உருவாக்கினர். ஒரு சதுரத்தின் பக்கம் 5 எனக் கொள்வோம். பக்கத்தை 0.1 கூட்டி, பரப்பின் மிகுதியைப் பக்கத்தின் மிகுதியால் வகுத்தால் 10.1 வரும், 0.01 கூட்டினால் 10.01 வரும். கூட்டுவது மிக மிகச் சிறிதாயின் விடை 10 என்றனர்.

1734இல் ஜார்ஜ் பார்க்கிலி என்னும் ஆயர் இதற்குத் தடை எழுப்பினார். அம்மிகுதி சுழியாயின் அதனால் வகுத்தல் இயலாது. சுழியன்றாயின் அதனை விடையினின்றும் நீக்குதல் எங்ஙனம்? விடைகள் சரியாக வந்தன. காரணம் மட்டும் விளங்கவில்லை.

பாரிசு நகரின் எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரிப் பேராசிரியர் கோஷி, 1821இல் வெளியிட்ட பாடநூலில் எல்லையை அடிப்படையாக வைத்தார். அவரும் தவறினார். தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட ஒருங்கும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியாகவே இருக்கும் என்றார். அதற்கு விலக்குண்டென 1826இல் ஆபெல் காட்டினார். பின்னர் பெர்லினில் வையர்ஸ்ட்ராஸ், ‘நெருங்குகிறது’ என்னும் இயக்கச் சொல்லையே விலக்கினார். எவ்வளவு சிறிய வேறுபாட்டைக் குறித்தாலும் அதற்குள் அடங்கச் செய்ய இயலுமா என்பதே அவர்தம் அளவுகோல்.

1858இல் சூரிக் நகரில் நுண்கணிதம் கற்பிக்கப் புகுந்த டெடெகிண்ட், தாம் கற்பிப்பதற்கு உறுதியான அடிப்படை இல்லையெனக் கண்டார். அக்குறையே மெய்யெண்களுக்கு விளக்கம் தேடத் தூண்டியது. 1872இல் அது நூலாயிற்று.

1981இல் டேவிட் டால், சுலோமோ வின்னர் ஆகிய கல்வியறிஞர் இருவர், மாணவர் மனப்பாடம் செய்த வரையறை ஒன்று, அவர்தம் உள்ளத்திலுள்ள கருத்துருவம் வேறொன்று எனப் பிரித்துக் காட்டினர். 0.999... என முடிவின்றிச் செல்லும் எண் 1க்குச் சமமென்றால் மாணவர் மறுப்பதும் இதனாலேயே. ‘நெருங்கும், அடையாது’ என்பது அவர்தம் உள்ளப் படம்.

அப்படம் மடமையன்று, பேரறிஞரும் நெடுங்காலம் அதனோடு போராடினர். ஆகவே வரையறையை முதலிலேயே திணித்தல் நன்றன்று. எண்களால் காட்டி, மாணவர் தம் கருத்தைச் சொல்லக் கேட்டு, பார்க்கிலியின் வினாவை அவர்முன் வைத்தபின் வரையறையைத் தருவதே தக்க வழி. எவ்வினாவுக்கு விடையாக அது பிறந்ததென அறிந்த மாணவனுக்கு அது வெறுஞ்சொல்லாகாது.