உட்கார வைத்த வைத்தியம்

கோம்பையில் அப்பத்தாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், கட்டிலைத் திண்ணையில் போட்டோம். ஐம்பது வருஷ விறகடுப்புப் புகை, சி.ஓ.பி.டி. என்றார் டாக்டர். "நடக்காத, ஒக்காரு"ன்னு அதட்டினோம். பாசம்தான். ஒரே வருஷத்தில் கக்கூஸ் போகவே கைத்தாங்கல் வேண்டியிருந்தது.

நெஞ்சு நோயென்றால் படுக்கை என்பது காசநோய் சானடோரியக் காலத்து மிச்சம். அதை உடைத்ததில் மெட்ராஸுக்குப் பெரிய பங்குண்டு. 1956-இல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம் 193 காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது: ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி சொந்த வீட்டில். வீட்டில் சாப்பாடும் ஓய்வும் குறைவு. மாத்திரை மட்டும் ஒன்று. 1959-இல் பார்த்தால், இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரேபோல் தேறியிருந்தார்கள்.

சி.ஓ.பி.டி.யில் கெட்ட நுரையீரல் திரும்பாது. ஆனாலும் இந்நோயாளிகளை நடக்கவைக்கலாம் என்று 1952-லேயே நியூயார்க்கின் ஆல்வன் பராக் எழுதிவிட்டார். உட்கார்ந்தால் தொடைச்சதை கரையும். கரைந்த சதை அதே வேலைக்கு அதிக மூச்சு கேட்கும். மூச்சு வாங்குதேன்னு இன்னும் உட்காருவோம். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் இன்ஃபினிட் லூப்.

நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கினோம். உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுற மாதிரி, ஆனால் மெதுவாக ஊதச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அப்பத்தா சிரித்துவிட்டது.

"ஊதித்தானடா இந்தச் சீக்கே வந்துச்சு."

எட்டாவது வாரம் தெருமுனை டீக்கடை வரை போனது. இரண்டு இடத்தில் நின்று.