தண்ணீரை மதிலுக்குள் கொண்டுபோனவர்கள்: அமெரிக்க வீட்டு நீச்சல் தடாகத்தின் கதை

ஹொலிவூட் படங்களில் ஒரு குடும்பம் வசதியானது எண்டு காட்டுவதற்கு அதிகம் மினக்கெடமாட்டார்கள். வீட்டின் பின்வளவில் நீல நிறத்தில் ஒரு நீச்சல் தடாகம் தெரியும், அவ்வளவுதான். காசு இருந்தது, வெயில் இருந்தது, கட்டினார்கள் எண்டு நினைத்துக்கொண்டு நாங்களும் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 1950 இல் அமெரிக்காவில் நிலத்தைத் தோண்டிக் கட்டிய நீச்சல் தடாகம் வைத்திருந்த குடும்பங்கள் ஏறக்குறைய 2,500 தான். 1999 இல் அந்தத் தொகை 40 இலட்சம். இதைத் தருபவர் ஜெஃப் வில்ட்ஸி என்ற வரலாற்றாசிரியர். அமெரிக்கப் பொது நீச்சல் தடாகங்களின் சமூக வரலாற்றைப் பற்றி 2007 இல் ஒரு புத்தகம் எழுதியவர்.

ஐம்பது வருசத்துக்குள் 2,500 எப்படி 40 இலட்சமானது? சனங்களின் வருமானம் கூடியது என்பது பதிலின் ஒரு பாதி. மற்றப் பாதி, அதே காலத்தில் ஊர்ப் பொதுத் தடாகங்களின் வாசலில் நடந்தது. இந்தக் கட்டுரை அந்த மற்றப் பாதியைப் பற்றியது.

குளிப்பதற்கு ஒரு இடம்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் வடபகுதி நகரங்களில் மாநகரசபைகள் கட்டிய தடாகங்கள் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்களுக்கானவை. அவர்களுடைய நெருக்கமான குடியிருப்புகளில் குளியலறை கிடையாது. ஆகவே தடாகம் எண்டால் முதலில் உடம்பைக் கழுவும் இடம். ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள் எண்டு பிரித்து விட்டார்கள். வில்ட்ஸி சொல்லும் முக்கியமான விசயம் என்னவெண்டால், அந்தக் காலத்தில் வடபகுதியில் பல இடங்களில் கறுப்பினத் தொழிலாளியும் வெள்ளையினத் தொழிலாளியும் ஒரே தண்ணியில் இறங்கினார்கள். ஆண் பெண் பிரிவும் வர்க்கப் பிரிவும் இருந்தன. நிறப் பிரிவு பின்னாலேதான் வந்தது.

1920களிலும் 30களிலும் தடாகத்தின் முகமே மாறியது. மணல் பரப்பி, புல்தரை போட்டு, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்துபோகக்கூடிய பெரிய தடாகங்களைக் கட்டினார்கள். பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசு கொட்டிய காசில் இன்னும் பல எழுந்தன. நியூயோர்க் நகரம் மட்டும் 1936 கோடையில் 11 பெரிய தடாகங்களைத் திறந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒன்றாக வந்து நாள் முழுக்க இருக்கும் இடமாகத் தடாகம் ஆகியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கறுப்பினத்தவர்களை வெளியே தள்ளினார்கள். ஆணும் பெண்ணும் நீச்சல் உடையில் ஒன்றாக இறங்கத் தொடங்கிய பிறகு, கறுப்பின ஆண் வெள்ளையினப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பது வெள்ளையர் பலருக்குப் பொறுக்கவில்லை. அதோடு நோய் பற்றிய கதையும் சேர்ந்துகொண்டது. 1931 இல் பிற்ஸ்பேர்க் நகரில் ஹைலண்ட் பார்க் தடாகம் திறந்தபோது, வாசலில் நின்றவர்கள் கறுப்பினத்தவர்களிடம் மட்டும் சுகாதாரச் சான்றிதழ் கேட்டார்கள். வெள்ளையரிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அதையும் மீறி உள்ளே போனவர்களுக்கு அடி விழுந்தது.

தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் போடும் வழக்கம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. எனவே பயம் கிருமிக்கு அல்ல. இந்த இடத்தை எங்களுக்கு ஆரும் விளக்கப்படுத்தத் தேவையில்லை. ‘தீட்டு’ எண்டு ஒரு சொல் எங்களிட்ட இருக்கிறது. கிணற்றடியில், தாங்களே அள்ள விடாமல், வேறொருவர் வந்து வாளியால் ஊற்றும்வரை காத்து நின்ற சனங்களின் கதை யாழ்ப்பாணத்தில் அப்படியொன்றும் பழங்கதை இல்லை. ஒரே தண்ணியைத் தொடுவது எண்டு வந்தால்தான் மனிசர் உள்ளுக்குள் வைத்திருப்பது வெளியில் வருகிறது.

கதவு திறந்தபோது

சென்ற் லூயிஸ் நகரின் ஃபெயர்கிரவுண்ட் பார்க் தடாகம் அமெரிக்காவின் மிகப் பெரிய பொதுத் தடாகங்களில் ஒன்று. 1949 யூன் 21 அன்று முதன்முறையாகக் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஏறக்குறைய 30 பிள்ளைகள் வந்து நீந்தினார்கள். அவர்கள் தண்ணிக்குள் இருக்கும்போதே வேலிக்கு வெளியே வெள்ளையினக் கூட்டம் சேரத் தொடங்கியது. பிள்ளைகள் பொலிஸ் காவலோடு வெளியேறவேண்டி வந்தது. பின்னேரம் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகி, கண்ணில்பட்ட கறுப்பினத்தவர்களை எல்லாம் அடித்தது. நகரபிதா என்ன செய்தார்? பழையபடி வெள்ளையருக்கு மட்டும் எண்டு அறிவித்தார்.

அடுத்த வருசம் நீதிமன்றம் தலையிட்டுக் கதவைத் திறக்க வைத்தது. அதற்குப் பிறகு கலவரம் ஒன்றும் தேவைப்படவில்லை. வெள்ளையர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். 1948 கோடையில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான வருகைகளைப் பதிந்த தடாகம் சில வருசங்களில் வெறிச்சோடியது. 1956 இல் மூடிவிட்டார்கள்.

1954 இல் பாடசாலைகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் எண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நாங்கள் எல்லாரும் படித்திருக்கிறோம். அதே வருசம் பால்ரிமோர் நகரில் ஒரு சமஷ்டி நீதிபதி, நீச்சல் தடாகம் பாடசாலையைவிட உணர்வுபூர்வமான இடம் என்ற வாதத்தை ஏற்று, தடாகங்களில் பிரிவினை தொடரலாம் எண்டார். பக்கத்தில் இருந்து படிக்கலாம், பக்கத்தில் நின்று குளிக்கக்கூடாது! அடுத்த வருசம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

சட்டம் இப்படித் திரும்பியதும் தென்பகுதி நகரங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. அலபாமாவின் மொன்ற்கொமரி நகரம், பூங்காக்களை எல்லாருக்கும் திறக்கச் சொன்னதற்காக 1959 யனவரி 1 முதல் எல்லாப் பூங்காக்களையுமே மூடியது. அங்கிருந்த ஓக் பார்க் தடாகத்தை மண் போட்டு நிரவினார்கள். சில வருசங்களின் பின் பூங்கா திறந்தது. தடாகம் திரும்பி வரவில்லை. மிசிசிப்பியின் ஜக்ஸன் நகரில் ஐந்து பொதுத் தடாகங்கள் இருந்தன. நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. பொது இடங்களில் பிரிவினை கூடாதெண்டு தீர்ப்பு வந்ததும் நகரசபை தடாகங்களை நடத்துவதையே கைவிட்டது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. 1971 இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், எல்லாருக்கும் ஒரேமாதிரி மூடியதால் அதில் பாகுபாடு இல்லை எண்டு தீர்ப்பு வந்தது.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். தடாகத்தை மூடியதால் வெள்ளையினப் பிள்ளைகளும்தான் நீந்தமுடியாமல் போனார்கள். தனக்கும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, மற்றவனோடு பகிரமாட்டேன் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஆனால் அந்த இழப்பு எல்லா வெள்ளையருக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. காசு உள்ளவனுக்குப் பின்வளவு இருந்தது.

பின்வளவில் தோண்டியவர்கள்

வீட்டில் தடாகம் கட்டுவது மலிவானதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கார்ல் ஏக்லி என்பவர் அருங்காட்சியகங்களுக்கு விலங்குகளைப் பாடம் செய்துகொடுத்தவர். சீமெந்துக் கலவையைக் குழாயால் விசிறி அடிக்கும் இயந்திரத்துக்கு 1911 இல் காப்புரிமை பெற்றவரும் அவர்தான். இரும்புக் கம்பி கட்டிய குழிக்குள் கலவையை நேரடியாக அடித்தால் போதும், பலகை அடைத்து வார்க்கத் தேவையில்லை. உலகப் போருக்குப் பிறகு இந்த முறை வீட்டுத் தடாகங்களுக்குப் பரவியது. செலவு குறைந்தது, வளைந்த வடிவங்களும் சாத்தியமாகின. கலிபோர்னியாவில் தோமஸ் சேர்ச் 1948 இல் வடிவமைத்த டொனல் தோட்டத்தின் வளைவான தடாகம், பிறகு வந்த ஆயிரக்கணக்கான சிறுநீரக வடிவத் தடாகங்களுக்கு முன்மாதிரி ஆகியது.

அந்தப் பின்வளவு எங்கே இருந்தது? நகரத்துக்கு வெளியே புதிதாக எழுந்த புறநகர்களில். அந்த வீடுகளை வாங்கக் கடன் எடுக்க அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்தது. ஆனால் 1934 இல் தொடங்கிய அந்தத் திட்டம், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தான முதலீடு எண்டு ஒதுக்கியது. வீடு வாங்குவதில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968 இல்தான் வந்தது. அதற்குள் புறநகரும் பின்வளவும் ஆருக்கு எண்டு பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

தனியாகக் கட்ட முடியாதவர்கள் அயலவர்களோடு சேர்ந்து உறுப்பினர்களுக்கு மட்டுமான நீச்சல் கழகங்களைத் தொடங்கினார்கள். மேரிலண்டில் வீற்றன் ஹேவன் என்ற கழகம், சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்குபவர்களுக்கு உறுப்புரிமையில் முன்னுரிமை கொடுத்தது. 1968 இல் அங்கே வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பம் ஒன்று கேட்டபோது மட்டும் கதவு மூடிக்கொண்டது. அது தனியார் கழகம் என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் 1973 இல் ஏகமனதாக நிராகரித்தது. கழகத்துக்குள் சட்டம் போனது. வீட்டு மதிலுக்குள் எந்தச் சட்டமும் போகமுடியாது. வீட்டுக்கு ஆரைக் கூப்பிடுவது என்பது அவரவர் விருப்பம்.

இதை வைத்து, தடாகம் கட்டிய ஒவ்வொரு குடும்பமும் இனவெறியில்தான் கட்டியது எண்டு சொல்லமுடியாது. பலருக்கு அது பிள்ளைகள் விளையாடும் இடம், கடின உழைப்பின் அடையாளம். கார், நெடுஞ்சாலை, தொலைக்காட்சி எல்லாமே அந்தக் காலத்தில் சனங்களை வீட்டுப் பக்கம் இழுத்தன. ஒருவருடைய மனதில் என்ன இருந்தது என்பதைவிட, எல்லாருடைய முடிவும் சேர்ந்து என்ன செய்தது என்பதுதான் வரலாற்றில் பெரிய கேள்வி. வசதியான வாக்காளர்கள் பொதுத் தடாகத்துக்குப் போகாமல் விட்டபோது, அதற்குக் காசு ஒதுக்கச் சொல்லிக் கேட்கும் குரலும் அடங்கியது.

ஒரு போத்தல் அமிலம்

வீட்டில் தடாகம் வைத்திருப்பது சும்மா வேலை இல்லை. 50,000 லீற்றருக்கும் கூடுதலான தண்ணியை ஒரே இடத்தில் தேக்கிவைத்தால் சில நாட்களிலேயே பாசி பிடிக்கும். பம்பி ஓடவேணும், வடிகட்டி கழுவவேணும், இலை அள்ளவேணும், குளோரின் அளந்து போடவேணும். தண்ணியின் பீஎச் பெறுமானம் 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் நிற்கவேணும். அது ஏறினால் குளோரின் சரியாக வேலை செய்யாது. இறக்குவதற்கு ஊற்றுவது மியூரியாட்டிக் அமிலம், அதாவது எங்கட பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் ஐதரோகுளோரிக் அமிலம். நகரசபை ஊழியர்கள் ஊருக்காகச் செய்த வேலையை இப்போது ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செய்கிறது, அல்லது கூலி கொடுத்துச் செய்விக்கிறது.

அந்த அமிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1964 யூன் 18 அன்று புளோரிடாவின் சென்ற் ஒகஸ்ரின் நகரில், மொன்சன் என்ற விடுதியின் வெள்ளையருக்கு மட்டுமான தடாகத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையருமான போராட்டக்காரர்கள் சேர்ந்து குதித்தார்கள். ஒரு கிழமைக்கு முன்னர்தான் அதே விடுதியில் சாப்பாடு கேட்ட மார்ட்டின் லூதர் கிங்கைக் கைதுசெய்திருந்தார்கள். விடுதி முகாமையாளர், தடாகப் பராமரிப்புக்காக வைத்திருந்த மியூரியாட்டிக் அமிலத்தை எடுத்துவந்து, அவர்கள் நீந்திக்கொண்டிருக்கும்போதே தண்ணியில் ஊற்றினார். அவ்வளவு தண்ணியில் கலந்ததால் பெரிய காயம் ஒருவருக்கும் ஏற்படவில்லை. ஆனால் போத்தலும் கையுமாக அவர் நின்ற படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த நாள் அமெரிக்க செனற் சபை குடியுரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது.

இன்றைக்கும் மூழ்குபவர்கள்

பழைய கதைதானே எண்டு விட்டுவிட முடியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நீச்சல் பழக்குவதற்குத் தடாகம் வேணும், நீந்தத் தெரிந்த அப்பா அம்மாவும் வேணும். ஒரு தலைமுறைக்கு வாசல் மூடினால் அடுத்த தலைமுறைக்கும் அது மூடியே இருக்கிறது. அமெரிக்க நீச்சல் சம்மேளனத்தின் அறக்கட்டளை 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கறுப்பினப் பிள்ளைகளில் 64 வீதமானோருக்கு நீச்சல் தெரியாது, அல்லது மிகக் குறைவாகவே தெரியும். வெள்ளையினப் பிள்ளைகளில் அது 40 வீதம். 5 முதல் 19 வயது வரையானோரில், நீச்சல் தடாகங்களில் மூழ்கி இறக்கும் வீதம் வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பிள்ளைகளில் 5.5 மடங்கு அதிகம் எண்டு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2014 இல் அறிவித்தது. நகரசபைகள் மண் போட்டு நிரவிய தடாகங்களின் கணக்கு இப்படித்தான் தொடருகிறது.

2015 யூனில் ரெக்சஸ் மாநிலத்தின் மக்கினி நகரில், ஒரு குடியிருப்புத் திட்டத்தின் தடாகத்தில் நடந்த விருந்துக்குப் பொலிஸைக் கூப்பிட்டார்கள். நீச்சல் உடையில் இருந்த 15 வயதுக் கறுப்பினச் சிறுமியை ஒரு பொலிஸ்காரர் நிலத்தில் போட்டு முழங்காலால் அழுத்திய காணொளியை எங்களில் பலர் தொலைபேசியில் பார்த்திருப்போம். அந்தத் தடாகத்தின் வேலிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

பொதுவான ஒரு இடம் பாழாகிப் போவதை நாங்களும் காண்கிறோம். அது பாடசாலையாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், பஸ்ஸாக இருக்கலாம். வசதியுள்ளவர்கள் தங்களுக்கெண்டு தனியாக ஒன்றை ஒழுங்கு செய்துகொண்டு, ‘அங்க ஆர் போறது?’ எண்டு கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அதற்கு முந்தின கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம்: அந்த இடத்தை அவர்கள் எப்ப கைவிடத் தொடங்கினார்கள், அதற்குக் கொஞ்சம் முந்தி ஆர் புதிதாக உள்ளே வந்தார்கள்?