கேமராவுக்குத் தெரியாத சதி

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மறுத்து மணந்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். மனைவி கௌசல்யா படுகாயத்துடன் பிழைத்தார். கண்காணிப்பு கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஆனால் ஆணவக் கொலை வழக்கில் வழக்கறிஞரின் உண்மையான உழைப்பு கேமராவுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. வெட்டிய கையை எந்தக் கேமராவும் காட்டிவிடும். ஏவிய வாயைச் சாட்சியும் சூழ்நிலையும் கோத்துத்தான் காட்ட வேண்டும். சதி வீட்டுக்குள் நடக்கிறது, அதைக் கேட்டவர்களும் உறவினர்களே. திருப்பூர் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் 2017 டிசம்பர் 12 அன்று கௌசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. தாய் உள்ளிட்ட 3 பேரை விடுவித்தது. மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும் என்பதால் சாட்சியங்கள் மீண்டும் அலசப்பட்டன. 2020 ஜூன் 22 அன்று, சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தை விடுதலையானார். மற்ற ஐவரின் தண்டனை, தண்டனைக் குறைப்பின்றிக் குறைந்தது 25 ஆண்டு என்ற ஆயுள் சிறையானது.

இப்படிப்பட்ட கொலையில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட வழக்கறிஞர் எதற்கு என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எதிர்வாதம் வெட்டியவர்களைத் தப்பவைக்கவில்லை. சதிச் சங்கிலியில் அறுந்த கண்ணியைத்தான் காட்டியது. சதி நிரூபிக்கப்படாமல் போவதற்கான விடை எதிர்த்தரப்பை ஒடுக்குவதில் இல்லை. தொலைபேசி, பணம், நடமாட்டம் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே திரட்டும் விசாரணையும், தொடக்கம் முதல் உடனிருக்கும் அரசுச் சிறப்பு வழக்கறிஞரும் வேண்டும். ஆணவக் கொலைக்கெனத் தனிச் சட்டம் கேட்பது நியாயமே. ஆனால் தனிச் சட்டத்திலும் சதியை யாராவது மெய்ப்பித்தே ஆக வேண்டும்.