தப்பாய்ப் போன ஓபனிங் பேலன்ஸ்

வங்கிக்காரனுக்கு ஒரு பயம் உண்டு. கூட்டல் எல்லாம் சரி, ஆனால் ஓபனிங் பேலன்ஸே தப்பு என்றால்? எல்லாம் டேலி ஆகும், எதுவும் நிஜமாக இருக்காது. ஒளியின் அலைநீளத்தை அளந்தவர்களுக்கும் இதுதான் நடந்தது.

ஸ்வீடனின் உப்சாலாவில் ஆங்ஸ்ட்ராம் என்ற விஞ்ஞானி, சூரிய ஒளியில் தெரியும் ஆயிரம் கோடுகளின் அலைநீளத்தை அளந்து 1868-ல் வெளியிட்டார். மற்றவர்கள் தங்கள் கருவிகளை அதை வைத்தே சரிபார்த்தார்கள். ஆனால் அவர் நம்பிய மீட்டர் கோலில் பிசகு. ஏழெட்டாயிரத்தில் ஒரு பங்குதான்; ஆனாலும் அத்தனை எண்களிலும் அது ஏறிவிட்டது. 1874-ல் அவர் காலமானார். திருத்திய கணக்கைச் சகா தாலேன் 1880-களில்தான் வெளியிட்டார்.

அப்புறம் கதை தலைகீழானது. கோலை வைத்து ஒளியை அளப்பானேன், ஒளியை வைத்துக் கோலை அளந்தால் என்ன? 1892-93-ல் பாரிஸ் பக்கத்திலுள்ள செவ்ரில் மைக்கேல்சன் அதைச் செய்தார். காட்மியத்தின் சிவப்பொளி அலைகள் 15,53,163.5 சேர்ந்தால் ஒரு மீட்டர்! 1960-ல் கிரிப்டான் ஒளியே மீட்டரின் இலக்கணமானது. 1983 முதல் ஒளியின் வேகம்.

நம் நாட்டில் மீட்டருக்குப் பொறுப்பு தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். லேசர்களின் அலைநீளத்தைச் சரிபார்த்துச் சான்று தருவதும் அங்கேதான். 1950-ல் திறக்கப்பட்ட அதன் முதல் இயக்குநர் யார் தெரியுமா? நம்ம வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன்!

ஜவுளிக்கடை மீட்டர் கோலின் நாணயமும் கடைசியில் அந்த வாசலில்தான் போய் நிற்கிறது. தில்லிவாசிகளே, அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.