விரலின் வழக்கம்

திரையில் எழுதுகிறவன் எழுதுவதோடு நிற்பதில்லை. எழுதியதற்குள் போய்வந்துகொண்டே இருக்கிறான். நாலு வரி மேலே, ஒரு சொல் பின்னால், வாக்கியத்தின் கோடிக்கு. கர்சர் என்ற அந்தத் துடிக்கும் கோட்டை எந்த விசையால் நகர்த்துவது என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். அதன் சரித்திரத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. தனக்கென்று ஒரு பாஷை, எல்லோருக்குமான ஒரு பாஷை என்ற நமக்குப் பழக்கமான தகராறுதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

பில் ஜாய் 1976-ஐ ஒட்டி, பெர்க்லியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், விஐ என்ற எடிட்டரை எழுதினார். (எடிட்டர் என்பது இங்கே ஆள் அல்ல, நிரல்.) அதில் இடம், கீழ், மேல், வலம் நகர முறையே எச், ஜே, கே, எல். இந்தத் தேர்வில் தத்துவம் எதையும் தேட வேண்டாம். அவர் உபயோகித்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. இந்த நாலு எழுத்து விசைகளின் மேலேயே அவை அச்சிடப்பட்டிருந்தன. டெர்மினலைச் செய்தவர்களும் சுயேச்சையாகத் தேர்ந்துவிடவில்லை. ஆஸ்கி குறியீட்டில் ஓர் எழுத்து பின்வாங்கும் கட்டளையின் எண் 8. அடுத்த வரிக்கு இறங்குவதன் எண் 10. ஆங்கில அகரவரிசையில் எச் 8-வது எழுத்து, ஜே 10-வது. கன்ட்ரோல் விசையோடு அழுத்தினால் அந்தக் கட்டளைகள். காகிதத்தில் அடித்த யந்திரங்களின் கணக்கு இப்படித் திரைக்கு வந்தது. அந்த டெர்மினல் போய்விட்டது. விரலில் வழக்கம் நின்றுவிட்டது.

எம்ஐடியின் செயற்கை அறிவுச் சோதனைக்கூடத்தில் கதை வேறு. அங்கே டெக்கோ என்ற எடிட்டர் இருந்தது. 1970-களின் மத்தியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதில் ஒரு வசதியைச் சேர்த்தார்: எந்த விசைக்கும் எழுதுகிறவனே தன் கட்டளைத் தொகுப்பைப் பொருத்திக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் விசைகளை மாற்றிக்கொண்டார்கள். சுதந்திரம்தான். ஆனால் ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு வரியைத் திருத்த முடியாமல் போயிற்று. 1976-இல் கை ஸ்டீல் இவற்றைப் பொதுவான ஒரு தொகுதியாக இணைக்க முற்பட்டார். ஸ்டால்மன் அதை ஏற்று முடித்தார். அதுவே ஈமாக்ஸ். முன்னால் போக ‘ஃபார்வர்ட்’, பின்னால் போக ‘பேக்வர்ட்’, அடுத்த வரிக்கு ‘நெக்ஸ்ட்’, முந்தைய வரிக்கு ‘ப்ரீவியஸ்’ — கன்ட்ரோலோடு இந்தச் சொற்களின் முதலெழுத்துகள். மாற்றும் உரிமை மட்டும் பறிக்கப்படவில்லை. வேண்டுகிறவன் தன் தொடக்கக் கோப்பில் எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

முக்கியமானது இந்த இரண்டாவது பாதி. பொதுவழக்கு என்றவுடன் தனிவழக்கைத் தடைசெய்வதும், தனிவழக்கு என்றவுடன் பொதுவழக்கை ஏளனம் செய்வதும் சுலபம். ஈமாக்ஸ் இரண்டையும் செய்யவில்லை. எல்லோரும் வந்துசேரக்கூடிய ஒரு தளத்தைப் போட்டது. அதிலிருந்து விலகும் பொறுப்பை விலகுகிறவனிடம் விட்டது. எதையும் மாற்றிக்கொள்ளாதவன் நடுநிலையில் இருப்பதாக நினைப்பதும் பிரமை. அவன் வேறு யாரோ, எதற்கோ செய்த தேர்வுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறான்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இது இன்னும் கூர்மையாகப் படும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் இருக்கும் இடங்களில் க, ப, ம, த இருக்கின்றன. தமிழுக்கு மாற்றிய விசைப்பலகையோடு விஐயில் கீழே இறங்க முயன்றால் எடிட்டருக்குப் போவது ‘ப’. அது அதற்குக் கட்டளை இல்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். ‘ஃபார்வர்ட்’டின் முதலெழுத்தும் தமிழில் யோசிக்கிற மனசுக்கு எதையும் ஞாபகப்படுத்துவதில்லை. ஏடிஎம்-3ஏயின் தற்செயலும் உதவவில்லை, எம்ஐடியின் பொதுவழக்கும் உதவவில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு விசைகளை மாற்றுவது ரசனை. நமக்கு அது எழுத உட்காருவதன் முதல் வேலை. அதை ஆளுக்கு ஒரு விதமாகச் செய்துகொண்டிருக்கிறோம்; நமக்குள் ஒரு கை ஸ்டீல் இன்னும் தேவைப்படுகிறார்.