சயனோடைப் அச்சுக்குத் தாள் பதப்படுத்தல்

இரும்பு உப்புகளின் ஒளியுணர்வைக் கொண்டு நீலப் படம் அச்சிடும் முறை சயனோடைப். 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டறிந்தது. அன்னா அட்கின்ஸ், ஆன் டிக்சன் இருவரும் 1853இல் உருவாக்கிய தாவரத் தொகுப்பில் இலங்கைப் பன்னங்களும் இந்த நீலத்தில் பதிவாகியுள்ளன.

முறை எளிது, தாள்தான் சோதிக்கும். அச்சில் உருவாகும் நிறமியான பிரசிய நீலத்துக்குப் பகை காரம். அது பட்டால் நிறம் வெளிறும். இன்றைய ஓவியத் தாள்கள் பல, நெடுநாள் பழுக்காதிருக்கக் காரத்தன்மையுள்ள கல்சியம் காபனேற்றுச் சேர்த்துச் செய்யப்படுபவை. 'அமிலமற்றது' என்ற முத்திரையை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றமே. காபனேற்றுச் சேராத பருத்தித் தாள் கிடைக்காவிட்டால், இருக்கும் தாளை நீர்த்த அமிலத்தில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, நன்றாக அலசி உலர்த்த வேண்டும். சல்பாமிக் அமிலம் மேல். எலுமிச்சைப் புளிப்பான சித்திரிக் அமிலமும் உதவும். அதிகம் உறிஞ்சும் தாளுக்கு மெல்லிய ஜெலற்றின் பூச்சு தேவை. இல்லையேல் கரைசல் நாருக்குள் இறங்கிப் படம் மங்கிவிடும்.

பின்னர் பெரிக் அமோனியம் சித்திரேற்று, பொற்றாசியம் பெரிசயனைட்டுக் கரைசல்களைச் சம அளவில் கலந்து, மங்கிய மஞ்சள் விளக்கொளியில் தூரிகையால் பூசுவர். இரும்புப் பிடி உள்ள தூரிகை ஆகாது. மலைநாட்டு ஈரக்காற்றில் பூசிய தாள் தானாகவே நீலம் பாயும். பூசிய அன்றே அச்சிட்டுவிடுவது நல்லது.