ஒரு ரைபிளும் உலைக்களத்து வெயிலும்

அமெரிக்க நாட்டில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் பலர் உண்டு. அத்தகைய ரைபிள் ஒன்று உங்கள் முன்னே மேசைமேல் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அக்ரூட் மரத்தாலான அதன் கட்டையில் மரத்தின் வரிகள் அழகாக ஓடுகின்றன. கைப்பிடியில் சிறு சிறு கட்டங்களாக நுண்ணிய செதுக்கு வேலை. குழலின்மேல் கருநீல மெருகு. 1903ஆம் ஆண்டு மாதிரி 'ஸ்பிரிங்ஃபீல்டு' என்னும் இராணுவ ரைபிளை எடுத்து, தேர்ந்த கைவினைஞர் ஒருவர் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றியமைத்தது அது.

விலை பேசுமுன் எதைப் பார்ப்பீர்கள்? மரத்தையா, மெருகையா? விவரம் அறிந்தவர் இரண்டையும் பிறகுதான் பார்ப்பார். முதலில் அவர் பார்ப்பது எஃகில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் செய்த அந்த ரைபிளின் எண் 8,00,000க்குக் குறைவாக இருந்தால், எத்துணை அழகாக இருந்தாலும் சுடுவதற்கென்று அதை வாங்கமாட்டார். ஏன்? இதற்கு விடை காண, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் உலைக்களத்துக்கு நாம் செல்லவேண்டும்.

படைக்கலம் வேட்டைக்கருவியான வரலாறு

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையும் இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டு ஆயுதசாலையும் அமெரிக்கப் படைக்காக இந்த ரைபிளைச் செய்தன. அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், வேட்டைக்கேற்ப மாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்றை 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அதன்பின் வேட்டைப் பிரியர்களின் பார்வை இதன்மேல் விழுந்தது. நியூயார்க்கில் மரவேலைக் கலைஞரான சீமோர் கிரிஃபின் இதற்கு அழகிய கட்டைகளைச் செய்தார். 1923இல் 'கிரிஃபின் அண்டு ஹோ' என்னும் நிறுவனம் தோன்றியது. இப்படிப் படைக்கலமாகப் பிறந்த பல ரைபிள்கள், கைவினைஞர்களின் பட்டறைகளில் புத்துருவம் பெற்று வேட்டைக்கு வந்தன. மரம் புதிது, மெருகு புதிது. ஆனால் உள்ளே இருந்த எஃகு மட்டும் பழையதே!

ரிசீவர் தாங்கும் சுமை

ரைபிளின் உயிர்நிலை 'ரிசீவர்' எனப்படும் எஃகுக் கூடு. முன்புறத்தில் குழல் இதில் திருகப்பட்டிருக்கும். பின்புறத்திலிருந்து 'போல்ட்' என்னும் தண்டு நுழைந்து, தோட்டாவைத் தள்ளிப் பூட்டிக்கொள்ளும். சுடும்போது தோட்டாவினுள் எழும் வாயுவின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3,500 கிலோகிராம். இந்தச் சுமை போல்ட் வழியாக ரிசீவரின்மேல் விழுகிறது. சுடுபவரின் முகமோ அதற்குச் சில அங்குலம் பின்னால்தான் இருக்கிறது.

தோட்டாவின் பித்தளைக் கூடு வாயுவை அடைத்துவைக்கும் வரை தொல்லை இல்லை. பித்தளை பழுதாயிருந்தாலோ, குழலில் ஏதேனும் அடைத்திருந்தாலோ, வேறு அளவுத் தோட்டாவைத் தவறுதலாகப் போட்டாலோ கூடு கிழிந்துவிடும். அப்போது வாயு ரிசீவருக்குள் பீறிட்டு, சம்மட்டி அடிபோல் தாக்கும். நல்ல எஃகு அந்த அடியில் வளையும், உப்பும், உடைந்து சிதறாது. நொறுங்கும் தன்மையுள்ள எஃகோ கண்ணாடிபோல் துண்டு துண்டாகச் சிதறும்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அதே ஆண்டில் சில ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்கள் இவ்வாறு சிதறின. பழுதான தோட்டாக்கள் ஒரு காரணம் என்பது தெரிந்தது. ஆனால் ரிசீவர் ஏன் கண்ணாடிபோல் உடைய வேண்டும்? விசாரணை உலைக்களத்தின் வாசலுக்கு வந்து நின்றது.

கண் செய்த பிழை

ரிசீவருக்குரிய எஃகுத் துண்டை உலையில் காய்ச்சி, அச்சில் வைத்து அடித்து உருவாக்குவார்கள். வெப்பம் போதுமா என்பதைத் தேர்ந்த தொழிலாளர்கள் எஃகின் நிறத்தைக் கொண்டே கணித்தார்கள். நம் ஊர்க் கொல்லர் அரிவாள் அடிக்கும்போது செய்வதும் இதுவே. இருளில் மங்கிய செம்மை, சூடு ஏற ஏறச் செம்மஞ்சள், பின் மஞ்சள், பின் வெண்மை. அனுபவமுள்ள கண்ணுக்கு இது நல்ல அளவுகோல்தான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கண் தனியே எஃகை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றிலும் உள்ள வெளிச்சத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறது. பகலில் மங்கித் தெரியும் விளக்கு இரவில் பளிச்சிடுவதை நீங்கள் அறிவீர்கள் அல்லவா? வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் உலைக்களத்தில் எஃகின் ஒளி குறைவாகத் தோன்றும். 'இன்னும் காயவில்லை' என்று தொழிலாளர் மேலும் காய்ச்சுவார். மேகம் மூடிய நாளில் அதே நிறம் முன்னதாகவே தெரிந்துவிடும். வெப்பமானி கொண்டு அளந்தபோது, வெயில் நாளின் 'சரியான சூடு' மேகநாளின் 'சரியான சூட்டை'விட 300 ஃபாரன்ஹீட் டிகிரி வரை மிகுந்திருந்தது தெரியவந்தது. செல்சியஸ் கணக்கில் இது ஏறத்தாழ 165 டிகிரி!

மிகுந்த சூட்டால் என்ன கேடு? எஃகு எண்ணற்ற நுண்ணிய படிக மணிகளால் ஆனது. சூடு மிகுந்தால் மணிகள் பருத்து, எஃகு வலுவிழக்கும். இதை மறுபடி முறையாகப் பதப்படுத்திச் சரிசெய்யலாம். சூடு இன்னும் ஏறினால் மணிகளுக்கு இடையேயுள்ள எல்லைகள் உருகவும் ஆக்சிஜனால் அரிக்கப்படவும் தொடங்கும். செங்கல் நன்றாயிருக்க, இடையிலுள்ள சாந்து மட்டும் பொரிந்துபோன சுவரின் நிலை இது. இதையே 'எரிந்த எஃகு' என்பர். வெல்லப்பாகு முற்றினால் நீர் விட்டு இளக்கலாம். தீய்ந்துவிட்டால் மீட்க வழி ஏது?

எண் சொல்லும் செய்தி

விசாரணையின் பயனாக உலைகளில் வெப்பமானிகள் இடம்பெற்றன. இரு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1821இல் சீபெக் கண்டறிந்தார். அந்தத் தத்துவத்தில் இயங்கும் கருவிக்கு வெயிலும் ஒன்றே, மேகமும் ஒன்றே. அத்துடன் ரிசீவரை இருமுறை பதப்படுத்தும் புதிய முறையும் வந்தது. மேற்பரப்பு கடினமாகவும் உள்ளீடு உறுதியாகவும் அமைய இது வழிசெய்தது. 1918இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏறத்தாழ 8,00,000 என்ற எண்ணிலிருந்தும், ராக் ஐலண்டில் 2,85,507 என்ற எண்ணிலிருந்தும் இந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன் செய்தவை பத்து இலட்சத்துக்கும் மேல். அவை எல்லாமே தீயவை அல்ல. 1917 முதல் 1929 வரை சிதறியவையாக ஜூலியன் ஹாட்சர் என்னும் படைத்தளபதி 1947இல் வெளிவந்த தம் நூலில் பட்டியலிட்டவை 68தான். ஆனால் எது வெயில் நாளில் பிறந்தது, எது மேகநாளில் பிறந்தது என்று பார்த்துச் சொல்ல இயலாது. மிகையழுத்தத் தோட்டாவால் சோதித்துத்தான் எல்லா ரைபிள்களும் வெளியே வந்திருந்தன. சோதனையைத் தாங்கிய அதே எஃகு, பிறிதொரு நாள் திடீர் அடிக்குத் தோற்றது. மறுபடி பதப்படுத்திப் பார்த்தும் நம்பத்தக்க பலன் கிட்டவில்லை. எனவேதான் எண்ணைப் பார்த்து விலக்குவதே வழி என்றாயிற்று. அமெரிக்காவில் பழைய படை ரைபிள்களை மக்களுக்கு விற்கும் 'குடிமக்கள் குறிசுடும் திட்டம்' என்ற அமைப்பும், குறைந்த எண்ணுள்ளவற்றைச் சுடவேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

மேசைமேல் உள்ள ரைபிள்

இனி நம் ரைபிளுக்கு வருவோம். குழலில் பிற்கால ஆண்டு பொறித்திருந்தால் ஏமாறக்கூடாது. தேய்ந்த குழலைப் பழைய ரிசீவரில் மாற்றியிருப்பார்கள். எண் நல்லதாக இருந்தால் அடுத்த சோதனை, போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி. இதற்கு இரண்டு எஃகு அளவிகள் உண்டு: ஒன்றை வைத்தால் போல்ட் மூடவேண்டும், மற்றொன்றை வைத்தால் மூடக்கூடாது. பிறகு குழலின் உட்புறத்தை வெளிச்சத்தில் நோக்கவேண்டும். அக்காலத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் தங்கும் பொட்டாசியம் குளோரைடு, உப்பைப்போல் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருவாக்கும். எண்ணெய் பூசினாலும் பயனில்லை; உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். வெந்நீரால் கழுவாமல் விட்டவர்களின் குழல்களில் துருக்குழிகளை இன்றும் காணலாம்.

மரத்தில் விழுந்த பள்ளத்தின்மேல் ஈரத்துணியை விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நீராவியால் நார்கள் உப்பிப் பள்ளம் பெரும்பாலும் மேலெழும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் பழைய பொலிவு திரும்பும். மெருகேற்றும்போது எண்ணையும் முத்திரைகளையும் தேய்த்து அழிப்பது மட்டும் கூடவே கூடாது. அழிந்தால் அடுத்து வாங்குபவரைக் காக்கும் ஒரே சாட்சி அழிந்ததாகும்.

எண் குறைவாக இருந்தாலும் அந்த ரைபிளைப் புதுப்பிக்கலாம். ஆனால் காட்சிப்பொருளாக மட்டுமே. கட்டையைச் செதுக்கிய கை திறமையான கைதான். எஃகைக் காய்ச்சிய கண்ணும் தேர்ந்த கண்ணே. எனினும் அன்றைய வெயில் அந்தக் கண்ணை ஏய்த்துவிட்டது. மனிதத் திறமைக்குத் துணையாக அளவுக்கருவி வேண்டும் என்பதை, எஃகில் பொறித்த அந்தச் சிறிய எண் இன்றும் நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.